பாலாறு வந்த வருஷங்கள்

பாலாறு எல்லா வருஷமும் வராது. வந்தால் அந்தச் சேதி புதுப்பட்டினத்தில் முதலில் மார்கரெட்டுக்குத்தான் போகும். செங்கல்பட்டு பஸ்ஸின் கண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன் தலையை நீட்டிச் சொல்லுவார்: "மாமண்டூர் பாலத்துக்குக் கீழ தண்ணி வந்துகினு கீதும்மா."

அதிலிருந்து இரண்டு நாள். முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணல்மேட்டை வெள்ளம் உடைத்துக்கொண்டு கடலில் விழும். அந்தக் கலங்கலைத் தேடிக் கொடுவா மீன்கள் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும். பெரிய மீன்கள் முதல் நாலைந்து நாளில்தான் வரும். அந்த நாட்களில் மார்கரெட் லீவு போட்டுவிடுவாள்.

கல்பாக்கம் அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸ் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் அட்டெண்டர். அவளுடைய அப்பா வயலூரில் கடைசி வரை அடுத்தவர் நிலத்தில் சேற்றை மிதித்தவர். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்று முதலில் வாங்கியவள் அவள்தான். தூண்டில் கழியெல்லாம் அவளுக்குக் கிடையாது. காலி பவுடர் டப்பாவில் சுற்றிய நைலான் நரம்பு, ஒரு ஈயக்குண்டு, முள்ளில் உயிரோடு துடிக்கும் இறால், அவ்வளவுதான். புருஷன் ஏசுதாஸ் கூட வரமாட்டான். "நீ புடி, நான் துண்றேன்" என்பான்.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் அவளோடு வந்தவர் அதே பள்ளிக்கூடத்து வரலட்சுமி டீச்சர். ஈரோட்டுக்காரர். மீன் வாசனை பட்டாலே மூக்கைப் பொத்துகிறவர். ஒரே மகளைக் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த மாதம் அது. கணவர் ஷிஃப்டுக்குப் போனபின் வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான். "நானும் சும்மா நடந்து வர்றேன் கண்ணு, மீனைப் பக்கத்துல கொண்டுவராத" என்று சொல்லித்தான் கிளம்பினார்.

மேட்டில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணி வாக்கில் நரம்பு சடாரென்று விறைத்தது. மார்கரெட்டின் விரலிடுக்கில் ரத்தம் வந்தது. நாற்பதடி தள்ளி ஒரு வெள்ளி உடம்பு தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறிவிட்டு விழுந்தது. அவள் காலடியில் மணல் சரிந்தது.

"டீச்சர்! என் இடுப்பப் புடிச்சிக்கோங்க! வுட்டா ஆத்தோட பூடுவேன்!"

டீச்சர் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முருகா, முருகா" என்றார். இருவரும் மல்லாக்க விழுந்து எழுந்தபோது மீன் கரையில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. எட்டுக் கிலோவுக்குக் குறையாது. டீச்சரின் புடவை முழுக்கச் சேறு. அவர் சிரித்த சிரிப்பில் எதிர்க்கரையில் வலை அலசிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். செவுள் ஓரம் கத்தி மாதிரி வெட்டும் என்பதால், மீனைக் கோணியில் சுற்றி ஆளுக்கொரு முனை பிடித்துக் குவார்ட்டர்ஸ் நடுவே தூக்கிப் போனார்கள்.

பிறகு ஆறு வந்த வருஷமெல்லாம் அவர்கள் இருவர்தான். வராத வருஷங்களும் உண்டு. அப்போதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், வறண்ட மணலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுவிட்டு வருவார்கள். இரண்டாயிரத்து இரண்டில் டீச்சரின் கணவர் ரிடையர் ஆனார். கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக் குடிபோனார்கள். "ஆறு வந்தா போன் போடு" என்று எழுதிக் கொடுத்த நம்பரை மார்கரெட் பைபிளுக்குள் வைத்தாள்.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மார்கரெட்டை அலை சுவரோடு வைத்து அழுத்தியது. ஏசுதாஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவள் முடியை விடாமல் இருந்ததால் பிழைத்தாள். அதற்குப் பின் அவள் கடல் பக்கம் போகவில்லை. இரைச்சல் கேட்கிறது என்று கிழக்கு ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. கண்டக்டர் சொன்னார். மார்கரெட் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனாள். யாருக்கும் போன் போடவில்லை.

நாலாம் நாள், வெள்ளம் சற்று வடிந்திருந்தபோது, டீச்சர் வாசலில் வந்து நின்றார். செங்கல்பட்டில் பஸ் மாறி, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"டிவில காமிக்கறான், ஆறு போகுதுன்னு. நீ ஏன் கண்ணு எனக்குச் சொல்லல?"

"பயமா கீது டீச்சர்."

டீச்சர் பரணிலிருந்து பவுடர் டப்பாவைத் தானே எடுத்தார். "நீ வந்து தூரமா உக்காரு. நான் போடறேன்" என்றார்.

அலை பழைய மணல்மேட்டைக் கரைத்து வேறெங்கோ கொண்டு போயிருந்தது. அவர்கள் உட்காரும் இடமே இல்லை. மார்கரெட் உள்ளே தள்ளி, ஒரு பனை மரத்தடியில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மீனைத் தொடாத டீச்சர் இறாலை முந்தானையால் பிடித்து, முள்ளில் எப்படியோ குத்தி வீசினார். ஈயக்குண்டு அவர் காலடியிலேயே விழுந்தது. மறுபடி வீசினார். நரம்பு அவர் வளையலில் சுற்றிக்கொண்டது. மூன்றாம் தடவை முள் புடவையில் மாட்டியது.

"அய்யோ, அப்டி இல்ல டீச்சர்!"

மார்கரெட் எழுந்தாள். தண்ணீர் வரை வந்துவிட்டதை முள்ளைப் பிரித்து முடிக்கும் வரை அவள் உணரவில்லை. உணர்ந்ததும் அப்படியே நின்றாள். கடல் சற்று தூரத்தில் வழக்கம் போல் இரைந்துகொண்டிருந்தது. நரம்பைத் தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி வீசினாள்.

அன்று பெரிய மீன் எதுவும் வரவில்லை. இரண்டு கிலோவில் ஒன்று சாயங்காலம் மாட்டியது. வீட்டில் மார்கரெட் குழம்பு வைத்தாள். டீச்சர் அடுப்படிக்கு வெளியே நாற்காலி போட்டு, தனக்கென்று கொண்டுவந்த தயிர்சாதத்தைத் தின்றபடி, மகளுக்குப் பிறந்த பேத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஏசுதாஸ் மூன்று தடவை சோறு வாங்கினான்.

டீச்சர் மூன்று நாள் இருந்தார். அதற்குப் பிறகு அவரால் அவ்வளவு தூரம் பஸ்ஸில் வர முடியவில்லை. மார்கரெட் மட்டும் போவாள். தண்ணீர் எவ்வளவு, கலங்கல் எப்படி, யார் யார் கரையில் நின்றார்கள் என்று சாயங்காலம் போனில் ஒன்று விடாமல் சொல்லுவாள். தப்பித்துப் போன மீன்களின் எடையை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவாள்.