பொத்தான் வாயில் ஒரு நூல்

டெய்லருக்கு வாய் கொஞ்சம் நீளம். கடைக்கு வருகிறவரின் இடுப்பை அளக்கும்போதே அவர் வீட்டு விவகாரத்தையும் அளந்துவிடுவார். மனைவி ஒரு ஷிட்சு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, இது நாயா, தரை துடைக்கிற துணியா என்று கேட்டவரும் இவர்தான். அப்புறம் நடந்தது தெருவுக்கே தெரியும். மூக்கைப் பார்த்து ‘பொத்தான்’ என்று பெயர் வைத்தது இவர். தினமும் காலையில் பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக் கண்ணோரம் துடைத்துவிடுவது இவர். முகத்து முடி கண்ணில் குத்துகிறதென்று தேடிப்பிடித்து ஒரு சின்னக் கத்தரி வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டிவிடுவதும் இவர். கொஞ்சுவது மட்டும் மனைவியின் பங்கு.

பொத்தான் தையல் மெஷினுக்குக் கீழேதான் கிடக்கும். அந்த நீள முடியில் நாள் முழுக்க நூல் ஒட்டும். டெய்லரின் கை தன்பாட்டுக்கு இறங்கி அதைப் பிடுங்கிப் போடும். கண்ணுக்கு அதில் வேலையே இல்லை.

அன்று மதியம் ஒரு பேண்ட்டின் ஓரத்தை மடித்துக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. நூல் கோத்த ஊசியைத் துணியில் குத்தி வைக்காமல் மடியில் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். பேச்சு வந்தால்தான் மனிதருக்கு உலகமே மறந்துபோகுமே! பேசி முடித்துக் குனிந்தால் பொத்தானின் மீசையோரம் ஒரு வெள்ளை நூல். இழுத்தார். வரவில்லை. வராத நூலை இன்னும் கொஞ்சம் சுண்டி இழுப்பதுதானே தையல்காரன் கைப்பழக்கம்? சுண்டினார். உள்ளே ஏதோ மாட்டிக்கொண்டது விரலுக்குத் தெரிந்தது.

மடியைத் தடவினார். ஊசி இல்லை. பலகையில் இல்லை, தரையில் இல்லை. பொத்தான் எச்சிலை விழுங்கி விழுங்கி அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஊசியை முழுங்கிவிட்டது போல என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். இழுத்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது அவருக்கு உயிர் போய்ப் போய் வந்தது. மடியில் இருந்த நாயை இறுக்கிப் பிடிக்கவும் பயம், விடவும் பயம்.

கால்நடை டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். தொண்டையில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு.

"நூலை யாராவது இழுத்தீங்களா?"

இல்லை என்று மனைவி தலையாட்டப் போனாள்.

"நான்தான் இழுத்தேன்," என்றார் டெய்லர்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. இழுத்ததில் ஊசி திரும்பிச் சதையில் ஏறிவிட்டது, பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய் என்றார். மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டுமாம். சப்பை மூக்கு ஜாதிக்குச் சும்மாவே மூச்சுத் திணறும், மயக்கத்திலிருந்து எழுந்துவிடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உள்ளே பாத்திரம் நகர்ந்தாலும் டெய்லருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தபால்காரர் வந்தால் பொத்தான் குரைக்கும், கண்ணாடியில் தன்னைப் பார்த்தாலே குரைக்கும். நான் இழுத்தபோது மட்டும் ஏன் ஒரு சத்தம் போடவில்லை? ஒரு முனகல் முனகியிருந்தால் கையை எடுத்திருப்பேனே! கடைசியில் அதை மனைவியிடமே கேட்டுவிட்டார்.

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க கைன்னுதான் சும்மா இருந்திருக்கும்."

அவள் குரலில் கோபம் இல்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒருவழியாகக் கதவு திறந்தது. ஊசி வந்துவிட்டது, நாயும் கண் விழித்துவிட்டது. ஆனால் தொண்டையில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க விடமாட்டேன் என்கிறதாம். இருவரும் உள்ளே போனார்கள். டாக்டர் கிட்டே போனால் பல்லைக் காட்டி உறுமியது. மனைவி கூப்பிட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நீங்க வாயைத் திறந்து பாருங்க டெய்லர்," என்றார் டாக்டர்.

இருட்டிலேயே ஊசி கோக்கிற கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கிட்டே கொண்டுபோனார். கண் சொருகிக் கிடந்த பொத்தான் விரலை மோந்து பார்த்தது. உறுமல் நின்றது. அவர் தொடுவதற்கு முன்பே தானாக வாயைத் திறந்தது.

மதியத்திலிருந்து பட்ட பயமெல்லாம் இதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது டெய்லருக்கு. அந்தத் திறந்த வாய்க்குள் விரலை விடத்தான் அவருக்குத் துணிச்சல் வரவில்லை.