குளோரின் போட்ட வீடு

நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் புத்தளத்து எத்தாளைப் பக்கம் இறால் வளர்க்கிற படித்தவனும் என்னிடம் வந்துதான் தண்ணீரின் நிறம் கேட்பான். யுத்தம் முடிந்தபின் ஒரு குளத்தில் தொடங்கி ஆறு குளம் வெட்டினேன். மகளுக்கு மாபிள் பதித்த வீடும் கட்டிக் கொடுத்து, அவளோடேயே இருக்கிறேன்.

முதல் குளத்தில் ஒரு பிழை விட்டேன். நோய்க்குப் பயந்து குளோரினை அள்ளிக் கொட்டினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. அதில் விட்ட இறால் குஞ்சுகள் ஒரு கிழமைகூடத் தாங்காமல் செத்து மிதந்தன.

"முதலாளி, தண்ணியும் மௌத்தாப் போச்சு," என்றான் வேலையாள்.

அதன்பிறகு, குளோரின் அடங்கியதும் தவிடும் சீனியும் புளிக்கவைத்து ஊற்றுவேன். குளோரினில் செத்த நல்ல கிருமி மறுபடி பெருகித் தண்ணீர் பழுப்பேறினால்தான் குஞ்சு விடுவேன்.

பேத்தி பிறந்தாள். கிணற்றுக்குக் குளோரின் போட்டேன். முற்றத்து மணலைச் சீமெந்தால் மூடினேன். ஆடுகளை விற்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கோழிகளோடு மணலில் புரள்வதைக் காட்டி, "என்ட பேத்தியப் பாருங்க, பளிங்கு!" என்பேன். ஒரு வயதில் அவள் தோல் வெடித்தது. அரிப்புத் தாங்காமல் சுரண்டத் தொடங்கினாள்.

நாலு வயதில், அறுவடை நாளில், பெரிய இறாலொன்றை உரித்து என் கையாலேயே ஊட்டினேன். உதடு வீங்கியது. மூச்சு விசிலடித்தது.

"வாப்பா, புள்ள நீலமாகுது!" என்று மகள் கத்தினாள்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூச்சுத் திரும்பிய பிறகு டொக்டர் கேட்டார்: "வீட்டில ஆடு, கோழி இருக்கா?"

"எங்கட வீட்டுல ஒரு புழு பூச்சி இல்ல டொக்டர்." நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "உடம்புக்குப் பிறவியிலயே காவல் இருக்கு, ஹாஜியார். யார அடிக்கிற, யார விடுற எண்டு அதப் பழக்கிறதுல, மண், ஆடு, கோழியில இருந்தும் வந்து குடலிலயும் தோலிலயும் குடியிருக்கிற கிருமிகளுக்கும் பங்கு இருக்கு. பழகாத காவல் இறாலயும் கள்ளன் எண்டு அடிக்கலாம். இதுதான் காரணம் எண்டு அடிச்சுச் சொல்ல மாட்டன். பரம்பரையும் இருக்கும்."

பரம்பரை என்ற சொல்லைப் பிடித்துத் தொங்கப் பார்த்தேன். முடியவில்லை. அந்தக் கண்ணாடித் தண்ணீர்தான் கண்முன் கிடந்தது. இறாலுக்குச் செய்ததைப் பேத்திக்குச் செய்யத் தோன்றவில்லையே.

இப்போது அவளுக்கு ஏழு வயது. அவள் பள்ளிக்கூடம் போன பகலிலும் உள்ளறையில் சுரண்டும் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்ப்பேன். வெறும் கட்டில்.

பண்ணையில் மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் பேத்தி வாசலில் நின்று கேட்பாள்: "மூத்தாப்பா, இறால் தொட்டீங்களா?"

"ஓம் மகள்."

கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சீமெந்து முற்றத்தில் நின்றபடியே அவளுடைய பள்ளிக்கூடத்துக் கதைகளைக் கேட்பேன்.