திருடு போன மாத்திரை

என் வீட்டுக்காரர் சாமுவேலின் கால்களில் அந்தச் சிவப்புப் புள்ளிகளை முதன்முதலாக நான் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு. யுத்தம் முடிந்த மறுவருடம், பங்குனி மாதம். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கடுகை இறைத்த மாதிரி இருந்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் கருநீலமாகிவிட்டன. முழங்கால்கள் வீங்கி, அவரால் எழுந்து நிற்க முடியவில்லை.

அதற்குப் பத்து நாள் முன்னால் பரளச்சிக் காட்டில் அவருக்குக் கருவேல முள் ஏறி, பாதத்தில் சீழ் வைத்திருந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு கம்பவுண்டர் சல்பா மாத்திரை கொடுத்தார். பட்டாளத்துக்காரர்களின் புண்ணையெல்லாம் ஆற்றிய மாத்திரை என்றார். அப்படிப்பட்ட மருந்து எங்கள் கைக்கு வந்ததே ஆண்டவர் செயல் என்று நம்பினேன். ஒவ்வொரு வேளையும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, ஜெபம் பண்ணித்தான் கொடுப்பேன். புள்ளிகளைப் பார்த்ததும் முள்ளின் விஷம் உடம்பில் ஏறுகிறது என்று நினைத்து, வேளைக்கு ஒன்றை இரண்டாக்கினேன்.

பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் எட்டிப் பார்த்துவிட்டு வாசலில் வேப்பிலை செருகினாள். "டீச்சரம்மா, ஆத்தா வந்திருக்கா. மருந்து மாத்திரை ஒண்ணும் குடுக்காதீக" என்றாள். எங்கள் பக்கத்தில் அம்மை போட்டால் மருந்து கொடுக்க மாட்டார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் அது அறியாமை என்று பாடம் நடத்துகிறவள் நான். இதில் விட்டுக்கொடுத்தால் என் சாட்சி என்னாவது? வேப்பிலையைப் பிடுங்கி அவள் கண் முன்னாலேயே எறிந்தேன். அவளுடைய ஆத்தாவுக்கு எதிராக என் ஆண்டவரை நிறுத்திய மாதிரி ஒரு பெருமை எனக்கு.

புதன்கிழமை அவருக்கு வயிறு முறுக்கிப் பிடித்தது. சிறுநீர், சாயம் கழுவிய தண்ணீர் மாதிரி சிவந்து போயிற்று. புள்ளிகள் தொடைக்கு ஏறின. "சௌந்தரம், இந்த மாத்திரையைக் குடிச்சாத்தான் கூடுது" என்றார். விசுவாசம் இல்லாமல் பேசாதீர்கள் என்று அவரையே அதட்டினேன்.

அன்றைக்குச் சபையார் நீங்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடி ஜெபித்தீர்கள். நானும் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, உம்முடைய கையை நீட்டும், இல்லையென்றால் இவர் எனக்கு இல்லை" என்று கதறினேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், மாடத்தில் மாத்திரைப் பொட்டலத்தைக் காணோம். சுப்புத்தாய் தானாகவே வந்து நின்றாள். "நாந்தான் எடுத்தேன். அவுக எந்திரிச்சு நடக்கட்டும், தாரேன்" என்றாள். நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். திருடி என்றேன், கொலைகாரி என்றேன். அவள் பொட்டலத்தைத் தரவேயில்லை.

இனி மதுரைதான் கதி என்று முடிவு செய்தேன். ஆனால் ஊரிலிருந்த ஒரே வாடகை வண்டி பருத்திப் பொதி ஏற்றி விருதுநகர் போயிருந்தது. அது திரும்பி வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் நான் ஜெபிக்கவில்லை, ஆண்டவரோடு சண்டை போட்டேன். கை நீட்டச் சொன்னால் இருந்த மருந்தையும் பறித்துக்கொண்டீரே என்று கேட்டேன்.

வண்டியில் அருப்புக்கோட்டை, அங்கிருந்து கரிப்புகையில் ஓடும் பஸ். அம்மை என்று இறக்கிவிடுவார்களோ என்று பயந்து அவர் கால்களைப் போர்வையால் சுற்றியிருந்தேன். காரியாபட்டியில் கண்டக்டர் பக்கத்தில் வந்தபோது போர்வையை இன்னும் கீழே இழுத்துவிட்டேன். அவர் டிக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

மதுரையில் டாக்டர் ஒரு கண்ணாடித் தம்ளரைப் புள்ளிகளின் மேல் அழுத்தினார். சிவப்பு மறையவில்லை. அம்மை இல்லை, ரத்தக் குழாய்களே அழன்று, தோலுக்கு அடியில் ரத்தம் கசிகிறது என்றார். சிலருடைய உடம்பு அந்த மாத்திரையைப் பகையாளியாக நினைத்து எதிர்க்குமாம், அந்தச் சண்டையில் சொந்த ரத்தக் குழாய்களே புண்ணாகுமாம்.

"மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க?"

"நான் நிறுத்தலைங்க, டாக்டர். திருடு போச்சு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "புள்ளியெல்லாம் பழசு, நாலு நாளா புதுசு வரலை. மூத்திரமும் தெளிஞ்சுட்டு வருது. இன்னும் ரெண்டு நாள் கொடுத்திருந்தா கிட்னி போயிருக்கும்மா" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஆறு வாரம் படுக்கை, உப்பில்லாத கஞ்சி, பாதத்துப் புண்ணுக்குக் கட்டு. வேறொன்றும் இல்லை. சல்பாவை ஆயுசுக்கும் தொடக்கூடாது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் அவர் தாமே நடந்து சுப்புத்தாய் வீட்டுக்குப் போனார். பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சொன்னபடி அவள் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "ஆத்தாதான் காப்பாத்துனா, டீச்சரம்மா" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பதில் சொல்லாமல் வந்தேன்.

மருந்தை நீங்களாக நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். நான் கொடுத்தது விசுவாசமல்ல, வீம்பு.

பிரியமானவர்களே, என் ஜெபத்தை ஆண்டவர் கேட்டார். அவர் நீட்டிய கையைத்தான் நான் திருடி என்றேன். நீங்களும் அவரிடம் கேளுங்கள், நிச்சயம் தருவார். யார் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.