கடைசி நாற்காலி

காலமெல்லாம் தன்னை நிற்க வைத்த ஓர் ஏற்பாட்டுக்கு ஒரு மனிதன் தானே காவலாக நிற்பது ஏன்? அவரைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்ததில்லை.

ஒரு துணி ஆலையில், அதிகாரிகளின் சாப்பாட்டு அறையில் பரிமாறுகிறவர்களுக்கு அவர் தலைவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் நிமிர்ந்த நடையுமாக வருவதால் தொழிலாளர்கள் ‘கவர்னர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கிண்டலுக்கு வைத்ததை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். மேலாளருக்கு முதலில், பிறகு பதவிப்படி ஒவ்வொருவராக, கதவோரத்துக் கடைசி நாற்காலி வரை பரிமாற வேண்டும். அதை அவர் ஒருநாளும் பிசகவிட்டதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தொழிலாளர் கூடம். அங்கே அவரவர் தட்டை அவரவர் ஏந்தி நிற்க வேண்டும்.

சுவரை இடித்து ஒரே கூடமாக்கச் சொல்லித் தொழிலாளர்கள் கேட்டபோது, மேலாளர் இவரிடம் கருத்துக் கேட்டார். “இருக்கறபடியே இருக்கட்டுங்க” என்றார். சுவர் நின்றது. பாத்திரம் கழுவுகிறவர் அவரை விடவில்லை.

“ஏன் கவர்னரே, சுவரு போனா உங்க அரண்மனை இடிஞ்சிடுமா?”

“வரிசைன்னு ஒண்ணு இருந்தாத்தான் கடைசில இருக்கறவனுக்கும் சோறு வந்து சேரும். அது போச்சுன்னா முண்டியடிக்கறவனுக்குத்தான் எல்லாம்.”

“நீங்க அந்த வரிசையிலயே இல்லையே. நாற்காலிக்குப் பின்னாடியில்ல நிக்கறீங்க.”

அவர் சொன்னதை அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒழுங்கு குலைந்த இடங்களில் வலுத்தவன் கை ஓங்குவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த வரிசையைப் போட்டது யார் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. வெயில் மழையைப் போல அது இருந்தது, அவ்வளவுதான்.

அவருடைய ஒரே மகள் படித்து அதே ஆலையின் சாயப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தாள். வேலை நிரந்தரமாவதற்குள் ஓராண்டு பார்ப்பார்கள். முதல்நாள் கடைசி நாற்காலியை அவரே இழுத்துவிட்டார்.

“நானே போட்டுக்கறேம்ப்பா” என்றாள், குரலைத் தாழ்த்தி.

“உட்காருங்க மேடம்.”

மேஜையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

வீட்டில் அவள் வெடித்தாள். “நீங்க பின்னாடி கைகட்டி நிக்கறப்ப நான் எப்படிப்பா சாப்பிடறது?”

“உன்னை அங்க உட்கார வைக்கத்தான் நான் இத்தனை வருஷம் நின்னேன். இப்ப நாற்காலியே வேணாங்கறியா?”

“வேணாங்கல. எல்லாருக்கும் போடுங்கறேன்.”

“எல்லாரும் உட்கார்ந்துட்டா நீ மேல வந்ததுக்கு என்னம்மா அர்த்தம்?”

அவர் மனைவி குறுக்கே வந்தாள். “ரெண்டு பேரும் முதல்ல இங்க உட்காருங்க. என் சமையக்கட்டுல பதவி கிடையாது.” யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் முதல் மகள் தட்டை ஏந்தித் தொழிலாளர் கூடத்தில் நின்றாள். அவர் கடைசி நாற்காலிக்கும் தட்டு வைத்தார். சாப்பாடு முடிந்ததும், யாரும் தொடாத அந்தத் தட்டை அப்படியே எடுத்து அடுக்கினார். வீட்டில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வது குறைந்தது.

சில வாரங்களில் அவள் அங்கே சாப்பிடும் செய்தி மேலாளர் காதுக்குப் போனது. நடுச்சாப்பாட்டில், எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“என்ன கவர்னரே, உங்க பொண்ணு அந்தப் பக்கம் போய்ச் சாப்பிடறதாமே? தொழிலாளிகளோட சேர்ந்து தின்னுட்டு நாளைக்கு அவங்ககிட்ட எப்படி வேலை வாங்கும்? உண்மைன்னா இந்த வேலைக்கு அது சரிப்படாது. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. சொல்லுங்க.”

அவர் கையில் சோற்றுப் பாத்திரம் இருந்தது. அவருடைய நியாயப்படி மேலே இருப்பவர் கேட்டால் கீழே இருப்பவர் உள்ளதைச் சொல்ல வேண்டும். மகளுக்கும் அந்த நியாயத்தைச் சொல்லித்தான் வளர்த்திருந்தார்.

“இல்லைங்க ஐயா. அதுக்கு வயிறு சரியில்லை. வீட்டுலேர்ந்து கட்டிக் கொடுக்கறோம். அதோட அறையிலயே சாப்பிட்டுக்குது” என்றார். பிறகு அடுத்த பதவிக்காரரிடம் நகர்ந்து சோறு பரிமாறினார்.

மறுநாள் காலை மகளின் கைப்பைக்குப் பக்கத்தில் சாப்பாட்டு டப்பா ஒன்று இருந்தது. அவரே கட்டியிருந்தார்.

“என்னப்பா இது திடீர்னு? மேலாளர் என்னைப் பத்திக் கேட்டாராமே, என்ன சொன்னீங்க?”

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே இறங்கிவிட்டார்.