ஆற்றை எதிர்கொள்ளப் போனோம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் கொஞ்சம் நீளம். யோசிப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுவேன், பேசின பிறகும் யோசிக்க மாட்டேன். அப்படி எட்டு வயதில் பேசின ஒரு பேச்சுக்காகப் பதினான்கு வயதில் மொட்டை வெயிலில் சைக்கிள் மிதித்தேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்கு மேற்கே, காவிரிக் கரையில். கொல்லையைத் தாண்டினால் வாழைத்தோப்பு, தோப்பைத் தாண்டினால் ஆறு. வருஷா வருஷம் முழுப்பரீட்சை லீவுக்குப் பெங்களூரிலிருந்து அத்தை வீட்டார் வருவார்கள். அத்தை, மாமா, அவர்களுடைய ஒரே மகள். அவளுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. மாமாவுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ரயில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற உத்தியோகம் போலிருக்கிறது என்றுதான் எங்கள் தெருவே வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தது. மாமாவும் யாரையும் திருத்தவில்லை.

விவரம் தெரிந்து அவள் வந்த முதல் கோடையில் அவளுக்கு ஏழு வயது. கையில் காற்றடைத்த ஒரு மஞ்சள் வாத்து டியூப். காவிரியில் நீந்துவதற்காம்! இட்லி தின்ற கையோடு, வந்த காபியைக்கூடக் குடிக்காமல் கொல்லைப்பக்கம் ஓடினாள், நான் பின்னாலேயே ஓடினேன். மே மாதத்து ஆற்றில் என்ன இருக்கும்? இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மணல். நடுவில் கொஞ்சம் வெள்ளரிக்கொடி, நாலு ஆடு. அவள் டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு நின்று, "தண்ணி எங்கே?" என்று கேட்டாள்.

எனக்கு அன்றைக்கு அவள்மேல் ஏகக் கடுப்பு. அம்மா என் தட்டை எடுத்து அவளுக்கு இட்லி வைத்துவிட்டாள். அப்பா அவளைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அந்த ஆத்திரத்தில் சொன்னேன்: "நீ வந்தா வராது. நீ போனாத்தான் தண்ணி வரும்."

மேட்டூர் அணையை ஜூன் பன்னிரண்டாம் தேதி திறப்பதுதான் வழக்கம். பெங்களூரில் பள்ளிக்கூடம் ஜூன் பிறந்ததும் திறந்துவிடும். ஆக, என் பேச்சு ஒவ்வொரு வருஷமும் பலித்தது. அவள் கிளம்பிப் போவாள், சில வருஷம் சீக்கிரமாகவும் சில வருஷம் எங்களைத் தவிக்கவிட்டும் தண்ணீர் வந்து சேரும். அது போதாதென்று இன்லண்ட் லெட்டரில் வேறு எழுதுவேன்: "நீ போனே, தண்ணி வந்துடுச்சு, பாத்தியா?" பாவி, அடிக்கோடு போட்டு எழுதினேன். அவள் அதற்கு மட்டும் பதில் எழுதினதே இல்லை.

தண்ணீர் இல்லாவிட்டால் என்ன, எங்கள் லீவெல்லாம் அந்த மணலில்தான் போயிற்று. எதிர்வீட்டில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள், என் வகுப்புக்காரி. அப்பாவை அத்தா என்பாள், அவர் சவுதியில் ஒரு கடையில் இருந்தார். எங்கள் மூவரில் அவள்தான் தைரியசாலி, சத்தக்காரி. உச்சி வெயிலில் செருப்பில்லாமல் அக்கரைக்கு ஓட வேண்டும், நடுவில் நின்றால் தோற்றாய். "யா அல்லாஹ், வெந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே அவள் முதலில் போய்ச் சேருவாள். சாயங்காலம் ஊற்று தோண்டுவோம். கையாலேயே மணலைப் பறித்துக்கொண்டே போனால் முழங்கை ஆழத்துக்கும் கீழே மெல்லக் கசியும். நானும் சிநேகிதியும் பாதியில் சலித்து எழுந்துவிடுவோம். அத்தை மகள் எழுந்திருக்க மாட்டாள். ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்ததும் குழிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். "விளக்கு வச்சாச்சு, வாங்கடி" என்று அம்மா கூப்பிட்டு ஓய்ந்துபோவாள்.

அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது மாமாவுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போகிறார்கள். பெங்களூர் வீட்டைக் காலி செய்து, பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கி, விமானத்துக்கு நாள் வரும்வரை எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அதனால் முதல்முறையாக ஜூன் மாதம் பாதி ஓடியும் அவள் ஊரில் இருந்தாள். அந்த வருஷம் அணையும் காலத்தில் திறந்துவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் ஆற்று மதகின் ஷட்டரைத் திறந்து மூடுகிற லஸ்கர் வாசலில் சைக்கிளை நிறுத்திச் சொன்னார்: "கல்லணையில திறந்தாச்சுங்க. திருவையாத்தைத் தாண்டிடுச்சாம். நாளன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள நம்ம ஊருக்கு வந்துடும்."

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்றங்காலுக்கு ஆள் சொல்ல அப்போதே துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆனால் மறுநாள் எல்லோரும் வேனில் வேளாங்கண்ணிக்குப் போய் மாதாவிடம் சொல்லிக்கொண்டு வருவதாகவும், அதற்கு மறுநாள் விடியற்காலம் அத்தை வீட்டார் காரில் மெட்ராஸ் கிளம்புவதாகவும் ஏற்பாடு. அம்மாதான் அங்கலாய்த்தாள். "அடடா, ஒரே ஒரு நாள் முந்தி வரக்கூடாதா? இத்தனை வருஷமா இந்தப் பிள்ளை ஆத்துல தண்ணியே பாக்கலியே."

அத்தை மகள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "நான் இருந்தா வராது மாமி. எனக்கு அந்த ராசி இல்லை. நான் கிளம்பினதும் வந்துடும் பாருங்க."

"சீ, என்ன பேச்சு இது? யாருடி உனக்கு இப்படியெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று அம்மா அதட்டினாள்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூடத் தேவலை. ஆறு வருஷமாக அதை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! நான் விட்டெறிந்த சொல், எனக்கு அது வெறும் கேலி. இவளோ அதை மூட்டை கட்டி அமெரிக்காவுக்கும் எடுத்துக்கொண்டு போகப் போகிறாள். சோறு இறங்கவில்லை எனக்கு. தண்ணீர் நாளை மறுநாள்தான் ஊருக்கு வருமென்றால், நாளைக்கு அது மேற்கே எங்கேயோ வந்துகொண்டுதானே இருக்கும்? நாம் போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான்.

ராத்திரியே அவளிடமும் எதிர்வீட்டுச் சிநேகிதியிடமும் திட்டத்தைக் காதோடு சொல்லிவிட்டேன். காலையில் சொன்னபடி அவள் தலைவலி என்றாள். அத்தை நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "சரி படு, உனக்கும் சேர்த்து நான் மெழுகுவத்தி ஏத்திக்கிறேன்" என்றாள். "நான் பாத்துக்கிறேன் அத்தை, நீங்க போயிட்டு வாங்க" என்று நான் பொறுப்பாகத் தலையாட்டினேன். வேன் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், எதிர்வீட்டுக்காரி சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுடையது சவுதிப் பணத்தில் வாங்கின புது சைக்கிள். என்னுடையது அப்பாவின் பழைய வண்டி. அத்தை மகளுக்கு சைக்கிள் விடத் தெரியாது. என் கேரியரில் உட்கார்ந்தாள்.

ஆற்றங்கரை ரோட்டிலேயே மேற்கே போனோம். ரோடா அது? பாதி தூரம் ஜல்லி, பாதி தூரம் குழி. இரண்டு தரம் செயின் கழன்றது. கையெல்லாம் கிரீஸ், பாவாடையெல்லாம் கிரீஸ். அவள் எடை வேறு. "அமெரிக்காவுல போய் இன்னும் குண்டாயிடாதேடி" என்றேன், முதுகில் ஒன்று வைத்தாள். ஒரு டீக்கடையில் நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். "அண்ணே, ஆத்துல தண்ணி எங்கே வருது?" என்று சிநேகிதி கேட்டாள். ஏதோ டவுன் பஸ்ஸைப் பற்றிக் கேட்டதுபோல அவரும், "இன்னும் ரெண்டு ஊர் தள்ளி வந்துக்கிட்டிருக்கு, போங்க, பிடிச்சுடலாம்" என்றார்.

பிடித்துவிட்டோம். ஒரு படித்துறையில் கூட்டமாக நின்றார்கள். ஒரு அம்மா மஞ்சளும் பூவும் தட்டில் வைத்திருந்தார். ஆற்றுக்குள் ஒருவர் கடைசி வெள்ளரிப் பிஞ்சுகளைக் கோணியில் அவசர அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தார். நாங்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மணலில் இறங்கினோம். மேற்கே ஒரு கூப்பிடு தூரத்தில் பழுப்பாக ஏதோ அசைந்தது. பெரிய இரைச்சலோடு வரும் என்றுதான் அத்தை மகள் நினைத்திருப்பாள். அது அப்படி வராது. பாயை உதறி விரிக்கிற மாதிரி மெதுவாக வரும், நாம் நடக்கிற வேகம்கூட இருக்காது. முன்னால் நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு, உயிர் பிழைக்க ஓடுகிற எறும்புகள். சுடுமணல் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் மட்டும் புஸ்புஸ்ஸென்று கேட்கும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்களுக்கு முப்பது அடி முன்னால் அது நின்றுவிட்டது.

நிஜமாகவே நின்றுவிட்டது. அந்த வருஷங்களில் ஊரெங்கும் மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. லாரி இறங்கி மணல் அள்ளின பள்ளம் ஒன்று குறுக்கே கிடந்தது, ஒரு குளம் அளவுக்கு. வந்த தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்கியது. ஐந்து நிமிஷம், கால் மணி, அரை மணி. ஓர் அங்குலம்கூட நகரவில்லை. "அடியேய், மணி ரெண்டரை. வேன் வந்துடும், தோலை உரிச்சுடுவாங்க" என்று சிநேகிதி கரையில் ஏறி நின்றுகொண்டு கத்தினாள்.

"பாத்தியா," என்றாள் அத்தை மகள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. "நான் வந்தேன், நின்னுடுச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, அது பொய்டி! எங்கம்மா என் தட்டுல உனக்கு இட்லி வச்சாங்க, அந்தக் கோவத்துல சொன்னேன். உனக்கும் தண்ணிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அணையைத் திறக்கிறதே ஜூன் மாசம், நீ போறது மே மாசம், அவ்வளவுதான். என் வாய்ல மண்ணைப் போட. என்னை மன்னிச்சுடுடி."

"தெரியும்," என்றாள். "ஆறாங்கிளாஸ்லயே தெரியும். பெங்களூர்ல காவிரியைப் பத்திச் சொல்லித் தராம இருப்பாங்களா?"

"தெரிஞ்சுக்கிட்டேதான் ராசி இல்லைன்னு சொன்னியா?"

அவள் கால் விரலால் மணலைக் கிளறினாள். "தெரிஞ்சாலும் அப்படியே நம்பிக்கிட்டேன். அது எனக்கு வசதியா இருந்துச்சு. ஒவ்வொரு வருஷமும் ஊருக்குக் கிளம்புறப்ப உங்களையெல்லாம் விட்டுட்டுப் போகணுமேன்னு அழுகையா வரும். அப்ப நினைச்சுக்குவேன், நான் போனாத்தானே தண்ணி வரும், உங்கப்பா நாத்து விடுவாங்க, நீங்கள்லாம் நீந்துவீங்க, நான் போறது நல்லதுதான்னு. அழுகை நின்னுடும்."

வாஸ்தவம்தான். அவள் ஒரு வருஷமும் அழுததில்லை. அவளுக்குக் கையாட்டிவிட்டு நான்தான் ஓவென்று அழுவேன். "பாரு, அவ எவ்வளவு சமர்த்து" என்பாள் அம்மா. கல்நெஞ்சுக்காரி என்று நான் எதிர்வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறேன். அவளைக் கட்டிக்கொண்டேன்.

"அழுவுறதை அப்புறம் அழுவுங்கடி, பள்ளம் ரொம்பிடுச்சு!" என்று கரையிலிருந்து குரல் வந்தது.

திரும்பிப் பார்ப்பதற்குள் பழுப்புத் தண்ணீர் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி எங்களிடம் வந்துவிட்டது. முதலில் அவள் கட்டைவிரல், பிறகு பாதம், பிறகு கணுக்கால். வெதுவெதுப்பாக இருந்தது, மணலின் சூடு. அவள் ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், பூத்தட்டு வைத்திருந்த அம்மாவே சிரித்துவிட்டார். தண்ணீருக்கு முன்னால் பின்புறமாக நடந்தோம், அது வந்தது. நின்றோம், எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. சிநேகிதி கைக்கடிகாரத்தை மறந்துவிட்டு, சுடிதாரோடு இறங்கி எங்கள்மேல் வாரி அடித்தாள். முழங்கால் நனைந்த பிறகுதான் கரையேறினோம்.

வீட்டுக்கு வந்தபோது வேன் எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தை அவளைத் திட்டினாள், அம்மா என்னைத் திட்டினாள், எதிர்வீட்டில் சிநேகிதிக்குத் தனியாகக் கிடைத்தது. மாமா மட்டும் மகளின் பாதத்தில் காய்ந்திருந்த வண்டலைக் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடிகிற நேரம் கார் வந்தது. பெட்டியெல்லாம் ஏற்றியாயிற்று. அப்பா அவள் தலையில் கைவைத்து, "நல்லாப் படிக்கணும்மா" என்றார். அவ்வளவுதான், அவள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். விசும்பல் இல்லை, தெரு விழித்துக்கொள்கிற அழுகை. அத்தை பயந்துபோய், "என்னடி ஆச்சு? நீ இப்படி அழுதே நான் பாத்ததில்லையே, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று தடவித் தடவிக் கேட்டாள். மாமா கேட்டிலிருந்து அவள் விரல்களைப் பிரித்தார், அவள் மறுபடி பிடித்தாள்.

என்ன ஆயிற்று என்று எனக்கு மட்டும் தெரியும். தண்ணீர் அவள் இருக்கும்போதே வந்துவிட்டது. இனி அவள் போவதால் எங்களில் ஒருவருக்கும் ஒரு நல்லதும் நடக்கப் போவதில்லை. சும்மா போகிறாள்.