மரக்கேபினில் "வாரேனுங்க" சொன்னவர்கள்

விருந்தாளியை வாசலில் நின்று வரவேற்பது சுலபம். அவர்கள் உள்ளே நுழைந்த பிறகுதான் நம் தொழில் ஆரம்பிக்கிறது. உறவுக்காரர் வந்து தங்கி இடுப்பொடிந்த சகோதரிகளே, உங்களுக்கு அது வருஷத்தில் நாலு தடவை. எனக்கு வாராவாரம்!

வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். காடு திருத்த வந்த வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் கட்டிய மூன்று மரக்கேபின்கள் அங்கே பாழாய்க் கிடந்தன. எஸ்டேட் தச்சரான என் வீட்டுக்காரர் ஒன்றரை வருஷம் பாடுபட்டு, பழைய பலகைக்குப் பழைய பலகையே தேடிப் பிடித்து, மூன்றையும் நிமிர்த்திவிட்டார். தங்க வருகிறவர்களைக் கவனிக்கும் வேலை, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது படித்த எனக்கு. வடக்கேயிருந்து வந்த எங்கள் மேனேஜர் துரை கறாராகச் சொல்லிவிட்டார். வந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் மறுபடி வரவேண்டும். இல்லாவிட்டால் மூன்றும் உரமூட்டைக் கிடங்கு.

என் வீட்டுக்காரர் முழங்கால் தேய இழைத்த தரையில் உரமூட்டையா? விடுவேனா! கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கூடத்து அடுப்பு

முதலில் வந்தது பீளமேட்டு மில்காரர் குடும்பம். குளிருக்கு இதமாகக் கூடத்துக் கணப்பில் கட்டை அடுக்கி மூட்டிவிட்டு வந்தேன். சோறு கொண்டுபோனால், அந்த அம்மா கணப்புக்கு முன்னால் குந்தி, வாணலி வைத்துப் பணியாரம் சுட்டுக்கொண்டிருக்கிறார்! தரையெல்லாம் எண்ணெய்ச் சொட்டு. கோபத்தை முழுங்கிக்கொண்டு, "இது குளிர் காயறதுக்குங்க, சமைக்க இல்லீங்க" என்றேன்.

அவர் பணியாரத்தைத் திருப்பிப் போட்டபடியே கேட்டார்: "ஏனம்மணி, இத்தன நெருப்பையும் சும்மா பாத்துக்கிட்டே உக்காந்திருக்கச் சொல்றியா?"

நாலு கால் தொட்டி

வெள்ளைக்காரர் குளித்த பீங்கான் பூசிய தொட்டியை மூன்று நாள் தேய்த்து வெளுக்க வைத்திருந்தேன். பொள்ளாச்சிப் பக்கத்துப் பண்ணையக்காரர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். பிறகு தன் சம்சாரத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டிய ஊட்டுக்குள்ளயே வெச்சிருக்கான் பாரு, வெள்ளைக்காரனுக்கு மாட்டு மேல என்ன பாசம்!"

அட்டைக்கு வந்த வாழ்வு

கல்யாணமாகி ஒரு மாதமான ஜோடி. நல்ல மழை. பெண்ணின் காலில் அட்டை ஏறி, கேபினே அதிரும்படி ஒரு கூச்சல். அடுத்த பஸ்ஸுக்கே கிளம்புவோம் என்று மாப்பிள்ளை பெட்டியைக் கட்டிவிட்டார். "ஒண்ணுமில்ல கண்ணு, பாரு" என்று நான் உப்பை வைத்தேன், அட்டை சுருண்டு விழுந்துவிட்டது. வடுவேறிய என் காலையும் காட்டினேன். பெண் சிரித்துவிட்டாள். நாலு நாள் தங்கினார்கள். காரணம் நானில்லை, அவள் கேட்ட கேள்வி: "அட்டை என் கால்லதானுங்க இருந்துச்சு, இவரு எதுக்குக் கட்டில் மேல ஏறி நிக்கறாரு?"

நோட்டில் ஒரு கட்டம்

துரை ஒரு நோட்டு அனுப்பினார். பேர், விலாசம், கடைசியில் 'மறுபடி வருவார்களா?' என்று ஒரு கட்டம். விருந்தாளியிடம் முகத்துக்கு நேரே அப்படிக் கேட்க எனக்கு வாய் வருமா? கிளம்பும்போது அவர்களாகச் சொல்வதைக் கேட்டு எழுதினேன். எல்லாரும் ஒரே மாதிரி, "வாரேனுங்க!" நானும் வரிக்கு வரி 'வாரேன் என்றார்' என்று எழுதிவிட்டு மனம் குளிர்ந்துபோயிருந்தேன்.

என் வீட்டுக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்: "ஏம்புள்ள, எழவூட்டத் தவுத்து நம்ம சனம் எங்கியாச்சும் 'போறேன்'னு சொல்லுமா? இதப் போயி சாட்சியா எழுதி வெச்சிருக்கறியே!"

துரை வந்த நாள்

வருஷம் முடிந்தது. துரை நோட்டோடு வந்து நின்றார். "இத்தனை பேர் வாரேன் சொன்னது. ஒரு ஆள் வரலே. எல்லாம் பொய்யா?"

"பொய்யில்லீங்க தொரை, அது மரியாதைங்க" என்றேன். நோட்டை வாங்கி அவர் பக்கம் திருப்பி, விலாசத்தில் விரலை வைத்தேன். பீளமேட்டில் ஒரே தெருவிலிருந்து அஞ்சு குடும்பம். முதலில் அந்தப் பணியாரத்து அம்மா, அடுத்த மாதம் பக்கத்து வீடு, அதற்கடுத்து பக்கத்து வீட்டுத் தங்கச்சி. "வந்தவிங்க வரலீங்க. ஆனா அவிங்க சொல்லி ஆளுக வந்திருக்குதுங்க. புடிக்காத எடத்துக்கு யாராச்சும் தங்கச்சிய அனுப்புவாங்களா?"

துரை ஒவ்வொரு வரியாக விரல் ஓட்டிப் பார்த்தார். மூன்று கேபினுக்குள்ளும் நடந்தார். குனிந்து தரையைத் தடவினார். கீழே லாரி நிற்கும் இடத்தையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு உனக்கு. ரோட்டுப் பக்கம் இருக்கிறது உரத்துக்கு. அந்தக் கட்டத்திலே இனிமே 'யார் சொல்லி வந்தது'ன்னு எழுது."

ஆக, எங்கள் மூன்று கேபின்களும் இப்போது நிரம்பித்தான் இருக்கின்றன. அதில் இன்றுவரை ஒரு குறையும் சொல்லாமல் தங்கியிருக்கும் விருந்தாளி உரமூட்டை மட்டும்தானுங்க.