கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வந்த அழைப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஜூன் மாதத்தில், லிந்துலைப் பக்கத்தில் நடந்தது இது. அப்போது நான் தலவாக்கலையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா, அதை ஒட்டி ஒரு சமையலறை, அதில் நாங்கள் இரண்டு பேர்.

பெருநாள் வியாபாரம் முடிந்ததும் ஆள் குறைக்கப்போவதாகக் கடை முதலாளி சொல்லியிருந்தார். கடைசியாகச் சேர்ந்தவள் நான். அந்தச் சமயத்தில்தான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்புப் பகுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பித்தேன். முதலில் தொலைபேசியில் ஒரு கேட்டல் தேர்வு என்றார்கள். எதிர்முனையில் ஒருவர் விருந்தாளி மாதிரி ஆங்கிலத்தில் பேசுவார். அவர் சொன்னதை நான் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு தடவைதான் சொல்வார்கள். தேறினால் நேர்முகத்துக்கு வரலாம், இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்து ஆங்கிலம். எழுதச் சொன்னால் எழுதுவேன், பேசினால் விளங்காது. அதனால் கடையில் இருக்கும்போது போனில் கேட்டல் பயிற்சிகளை இறக்கி வைத்துக்கொண்டு, காலையில் அம்மா பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போன பிறகு கேட்க ஆரம்பித்தேன். ஒரு ஆணும் பெண்ணும் பேசுவார்கள். அவர்கள் எப்போதும் ஏதாவது ஒரு ஸ்டேசனில் சந்திக்கத் திட்டம் போடுவார்கள், எப்போதும் யாராவது ஒருவர் பிந்தி வருவார். அவர்களுக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது.

மற்றச் சொற்களெல்லாம் மெல்ல மெல்லப் பிடிபட்டன. என்னை வாட்டியது 'அட்' என்கிற ஒரு சின்னச் சொல். ஆறு மணிக்கு என்றாலும் அட், வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் என்றாலும் அட். வீட்டில் இருக்கிறேன் என்பதற்கும் அதுதான், என்னைப் பார் என்பதற்கும் அதுதான். சமையலில் கெட்டிக்காரி என்று சொல்வதற்கும் அதையே கொண்டுவந்து செருகுகிறார்கள். நாம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விகுதி வைத்துச் சமாளிக்கிற இடத்தில், அவர்கள் ஒரே சாவியை எல்லாப் பூட்டுக்கும் போடுகிறார்கள். முதலில் ஒவ்வொன்றுக்கும் தமிழ் தேடிப் பார்த்தேன். தலைவலிதான் மிச்சம். பிறகு அர்த்தம் தேடுவதை விட்டுவிட்டு, அந்த ஆணும் பெண்ணும் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடைக்கு வந்த வெள்ளைக்கார அம்மா, எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்டார். 'வீ க்ளோஸ் அட் செவன்' என்று என் வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் நானே கவனித்தேன்.

ஆனால் சொல்வது வேறு, கேட்பது வேறு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்தச் சொல்லை வாயைத் திறந்து சொல்வதே இல்லை. இரண்டு சொற்களுக்கு நடுவில் மூச்சு விடுகிற மாதிரி விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சுற்றிலும் அமைதியாக இருந்தால் காதில் விழும். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு சத்தம் போட்டால் போதும், அது போன இடம் தெரியாது. காம்பராவில் தெளிவாகக் கேட்ட அதே பாடத்தை பஸ்ஸில் கேட்டால் பாதி காணாமல் போயிருக்கும்.

எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே போனில் சிக்னல் வராது. டவுனில் சிக்னல் இருக்கிறது, அமைதி இல்லை. மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்து மடுவம். கொழுந்தை நிறுத்து லொறியில் ஏற்றுகிற கொட்டகை அது. அதன் மூலைத் தூணுக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் நன்றாக எடுக்கும் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். பகல் நிறுவைக்கும் சாயங்கால நிறுவைக்கும் நடுவில் அங்கே ஈ காக்கை இருக்காது. தேர்வு மூன்று மணிக்கு என்றார்கள். நான் லீவு போட்டேன்.

"நாலு மணிக்குள்ள வந்துரு. அப்புறம் அங்க சந்ததான்" என்றார் அம்மா.

அம்மா சொன்னது எனக்குத் தெரியாதது இல்லை. நிறுக்கிற நேரத்துச் சண்டையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். அதில் எங்கள் அம்மாவின் குரல்தான் எப்போதும் மேலே கேட்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தக் குரல் கேட்டால், கூட வரும் பிள்ளைகளை வேறு பாதையில் இழுத்துக்கொண்டு போவேன். அரைக் கிலோவுக்கு இப்படியா தொண்டை கிழியக் கத்துவார்கள் என்று எனக்கு வெட்கமாக இருக்கும்.

மூன்று மணிக்கு முன்னாலேயே தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தகரத்தில் மழை மெல்லத் தூறிக்கொண்டிருந்தது. மூன்று மணி ஆயிற்று, அழைப்பு வரவில்லை. மூன்றரை ஆயிற்று, அப்போதும் இல்லை. நான் அழைத்தால் அவசரக்காரி என்று நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்தேன். அதற்குள் மலையிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வர ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாரும் நனைந்திருந்தார்கள், முதுகில் கொழுந்துச் சாக்கு. எனக்கு அதில் ஒரு முகமும் தெரியாது. வேறு தோட்டம்.

தலையில் பச்சைத் துவாய் கட்டியிருந்த ஒரு அக்கா சாக்கை இறக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு புள்ள நீ? இங்க என்னா பண்ற?"

சொன்னேன். ஹோட்டல் வேலை, போனில் பரீட்சை, எங்கள் பக்கம் சிக்னல் இல்லை, இன்னும் கூப்பிடவில்லை. அவர் பக்கத்தில் இருந்தவரிடம், "போன்லயே பரீச்ச வைக்கிறாங்களாம்டி" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கேலியாகத் தெரியவில்லை, ஆனாலும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நிறுவை தொடங்கியது. தராசுக்கு முன்னால் கணக்கப்பிள்ளை நின்றார். ஒவ்வொரு சாக்காகத் தூக்கி மாட்ட, அவர் நிறையைச் சத்தமாகச் சொல்லி, சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து, மிச்சத்தைப் பதிந்தார். கழிக்கிற இடத்தில்தான் சண்டை. மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பதற்கு வாயைத் தவிர வேறு அளவு கிடையாது. யார் விடாமல் பேசுகிறாரோ அவருக்குக் கொஞ்சம் குறைத்துக் கழிப்பார்கள். முப்பது நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனையே பார்த்தேன். இனி வராமல் இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் மணி அடித்தது.

பச்சைத் துவாய் அக்காவின் சாக்கு அந்த நேரம் தராசில் தொங்கிக்கொண்டிருந்தது. "என்னங்கய்யா இது அநியாயம், நா ஒதறிட்டுத்தான கட்டுனேன், சாக்குக்குள்ள கையவிட்டுப் பாருங்க" என்று அவர் கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். போன் சத்தம் கேட்டுத் திரும்பினார். நான் எப்படி நின்றேனோ தெரியாது, முகம் செத்துப்போயிருந்திருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஏ, சத்தம் போடாதீங்கடி, அந்தப் புள்ளைய வேலைக்கு எடுக்குறாங்க" என்றார். அத்தோடு தன் வாயையும் மூடிக்கொண்டார்.

மடுவம் அடங்கிவிட்டது. இப்படி ஒரு அமைதியை நான் கோவிலில்கூடப் பார்த்ததில்லை. கணக்கப்பிள்ளை ஒரு கணம் விழித்தார். பிறகு அவரும் வாயைத் திறக்காமல் பதிந்தார், அக்கா சாக்கை இறக்கிக்கொண்டு நகர்ந்தார். அடுத்த சாக்கு ஏறியது. எவ்வளவு கழிக்கிறார் என்று கணக்கப்பிள்ளை விரல்களை மடக்கிக் காட்டினார், அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். அதற்கு அடுத்தவரும் அப்படியே. இருமல் வந்த ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மழைக்குள் வெளியே போனார்.

எதிர்முனையில் ஒரு பெண் வேகமாகப் பேசினார். கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, இரண்டு மணிக்கு நானுஓயா ஸ்டேசனில் இறங்குவார்கள், வாகனம் பின்பக்க வாசலில் நிற்க வேண்டும், அவர்களுடைய சின்ன மகளுக்குப் படிகளில் ஏற முடியாது, இராச்சாப்பாடு ஏழு மணிக்கு. இப்படிப் போனது. என்னை வாட்டிய அந்தச் சின்னச் சொல் எத்தனை இடத்தில் வந்ததோ, அத்தனை இடத்திலும் எனக்குக் கேட்டது. மூச்சு மாதிரி வந்தது, மூச்சு மாதிரியே கேட்டது. நான் திருப்பிச் சொன்னேன். இன்னொன்று சொன்னார், அதையும் சொன்னேன்.

கடைசியில் அவர் கொஞ்சம் மென்மையான குரலில், ரொம்ப அமைதியான இடத்தில் இருக்கிறீர்கள் போலிருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாடத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் வாயில் வந்துவிட்டது. 'யெஸ், ஐயாம் அட் ஹோம்' என்றேன்.

போனை வைத்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில், "கெடச்சிருச்சா?" என்றார்கள். பிறகுதான் சொல்வார்கள் என்றேன். அதற்குள் வரிசையில் பாதிப் பேருக்கு மேல் நிறுத்து முடிந்திருந்தது. மிச்சம் இருந்தவர்கள் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். பச்சைத் துவாய் அக்காவைத் தேடினேன், காணவில்லை. நன்றிகூடச் சொல்லாமல் மேட்டில் ஏறி வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சந்தோசமாகச் சொன்னேன். அம்மா தேர்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நிறுக்கயில யாருமே வாயத் தொறக்கலயா?" என்றார்.

"இல்லம்மா. எல்லாரும் கம்முனு இருந்தாங்க."

"மழ நாள்லயா?"

"ஆமா."

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா விறகை உள்ளே தள்ளினார். பிறகு, "அன்னன்னைக்கு எடுக்க வேண்டிய கிலோ இருக்குல்ல, அதுல கொஞ்சம் கொறஞ்சாலும் அரப்பேரு. பாதிச் சம்பளம். வாய மூடிட்டு நின்னா ரெண்டு கிலோ சும்மா போயிரும். அதுக்குத்தான நாங்க கத்துறோம், வேண்டுதலா என்ன?" என்றார். "நானா இருந்தா மூடியிருப்பேனான்னு தெரியல புள்ள" என்றும் சொன்னார். எங்கள் அம்மா இல்லாததைச் சொல்கிறவர் இல்லை.

வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளம் வாங்கியதும் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு, சாயங்கால நிறுவை நேரமாகப் பார்த்து அந்த மடுவத்துக்குப் போனேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது. அந்த முறை அது எனக்குச் சண்டையாகக் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தன் தன் கிலோவைப் பிடித்து வைத்துக்கொள்கிற சத்தமாகக் கேட்டது.

பச்சைத் துவாய் அக்காவுக்கு என்னைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணுக்குத்தான் தெரிந்தது. "அட, போன்ல பரீச்ச எழுதுன புள்ளடி இது!" என்றவர் சிரித்துக்கொண்டே, "அன்னைக்கு ஒன்னாலதான் இவளுக்கு அரப்பேரு, தெரியுமா?" என்றார்.

கையில் லட்டுப் பெட்டியோடு நின்றேன். அதைக் கொடுப்பதற்கே கூச்சமாக இருந்தது. அந்த அக்கா மற்றவரை முழங்கையால் இடித்தார்.

"சும்மா இருடி. மழ நாள்ல அரப்பேரு விழுகுறது புதுசா என்ன?" பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா கேட்டுச்சா புள்ள அன்னைக்கு?" என்றார்.

"நல்லா கேட்டுச்சுக்கா."

"அது போதும்."

அதற்குள் அவருடைய முறை வந்துவிட்டது. ஒரு லட்டை வாயில் போட்டுக்கொண்டு, சாக்கைத் தூக்கித் தராசில் மாட்டிவிட்டு, லட்டை மென்றபடியே கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நின்றார். நான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று அவர் ஜெயித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது வரவேற்பு மேசையில் ஒரு நாளைக்கு எத்தனையோ அழைப்புகள் எடுக்கிறேன். சிலருக்கு ஆங்கிலம் வராது, தடுமாறுவார்கள், பாதியில் நிறுத்தி யோசிப்பார்கள். அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறாய், உனக்குப் பொறுமை அதிகம் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். பொறுமை என் சொத்து இல்லை. பெயர்கூடத் தெரியாத ஒருவர் தராசில் தன் சாக்கு தொங்கிக்கொண்டிருக்கும்போது வாயை மூடிக்கொண்டு எனக்குக் கொடுத்த அமைதி அது, அதை நான் அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.